கனடாவில் ஆடிய டம்ளர்

அத்தியாயம் 5

பாண்டுரங்கன் திருடன் என்று சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் முழுவதும் பேசிக்கொண்டது. ஊரே சேர்ந்து ஒருவனைத் திருடன் என்று சொன்னால், ராஜம் முதலில் அந்த ஊரைத்தான் சந்தேகப்படுவாள்.

ராஜத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெங்களூரில் சின்னதாக ஒரு துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறாள். பிறந்தது இதே கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தில். தொழிலில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரித்துச் சொல்வது. குடிப்பார் என்று சொன்னால் பெண் வீட்டாருக்குக் கோபம் வரும்; குடிக்கமாட்டார் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அப்படிப்பட்ட தொழில்.

கூடவே உதவியாளன் கணேஷ்குமார். கும்பகோணத்துக்காரன். வாயைத் தவிர மற்ற உறுப்புகளுக்கெல்லாம் நிரந்தர விடுமுறை கொடுத்து வைத்திருப்பவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மார்ச் மாத வெயில். பாண்டுரங்கனின் ஃபேன்ஸி ஸ்டோருக்கு எதிரே காரை நிறுத்தினாள் ராஜம்.

"இறங்கறதுக்கு முன்னாடி கேஸை ஒரு தடவை சொல்லு. உனக்குப் புரிஞ்சிருக்கான்னு பாக்கணும்."

"புரியறதுக்கு என்ன மேடம் இருக்கு? முனிரத்தினம்னு ஒரு சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடிட்டு, கம்பெனி இழுத்து இழுத்து செட்டில்மென்ட் கொடுத்துது. அந்தப் பணத்துல அரசாங்க சேமிப்புப் பத்திரம் வாங்கினார். பொண்ணு ஷோபா பேர்ல இல்ல, பையன் விநாயக் பேர்ல. பையன் பையனாச்சே! அப்புறம் அவர் செத்துப்போயிட்டார். பையன் கனடா போயிட்டான். பத்திரம் முதிர்ந்துடுச்சு. பணம் மட்டும் வரல."

"ஏன் வரல?"

"ஏஜெண்ட் பாண்டுரங்கன் ஏப்பம் விட்டுட்டார்னு நம்ம கட்சிக்காரி ஷோபா சொல்றாங்க. பாண்டுரங்கன் என்ன சொல்றார்னு இப்பத்தான் கேக்கப்போறோம்."

ஷோபாவின் அவசரத்தில் நியாயம் இருந்தது. அவளும் அம்மா தங்கம்மாவும் குடியிருக்கும் குவார்ட்டர்ஸைக் குடியிருப்பவர்களுக்கே விலைக்குக் கொடுக்க முன்வந்திருந்தது கம்பெனி. வருகிற புதன்கிழமைக்குள் முழுப்பணம் கட்டவேண்டும். பாதியை ஷோபா சேர்த்துவிட்டாள். விடிவதற்கு முன்பே ரயில் பிடித்து, பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊரார் கைகளில் ஊசி குத்தி, திரும்பும் ரயிலில் நின்றபடியே தூங்கி வந்து சேர்த்த பணம். மீதிப் பாதி தம்பியின் பத்திரத்தில் கிடந்தது. புதன் தாண்டினால் வீடு வேறு யாருக்கோ போய்விடும்.

பாண்டுரங்கன் பிளாஸ்டிக் வளையல்களுக்கு நடுவே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கடை ஒரு பக்கம், போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு ஏஜென்சி மறுபக்கம். இரண்டிலும் ஈ ஓட்டுவதுதான் பிரதான வேலை.

"வாம்மா ராஜம். நீயும் என்னைத் திருடன்னு சொல்ல வந்தியா? கொஞ்சம் குந்து. உனக்கு முன்னாடி நெறைய பேர் சொல்லிட்டுப் போயிருக்காங்கோ."

"பத்திரம் எங்கண்ணே?"

"தங்கம்மா வூட்டு பீரோவுல. நான் இன்னாத்துக்கு அத்த வெச்சிக்கப்போறேன்? அந்தப் பையன் கையெழுத்து இல்லாகாட்டி அது சும்மா காயிதம்."

"அவன் வெளிநாட்டுல இருக்கானே, பத்திரம் செல்லுமா?"

"வாங்கும்போது இங்க தானே இருந்தான்? பேஷா செல்லும். பணமாக்குறதுக்கு நேர்ல வரணும். வர முடியலியா, அங்க நம்ம தூதரகத்துக்குப் போயி, இவன் இன்னார்தான்னு ஒரு சீல் வாங்கி, அக்காவுக்கு அதிகாரம் குடுத்து எழுதி அனுப்பணும். ஆறு மாசமா போன்ல இதையே சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. அவன் இன்னா கேக்குறான் தெரியுமா? 'அங்கிள், உங்க இந்தியாவுல இன்னும் சீலுதானா'ன்னு கேக்குறான். உங்க இந்தியாவாம்! மூக்கு ஒழுகிகினு என் கடையில பம்பரம் திருடின பய."

"பணம் வேணாமா அவனுக்கு?"

"அதாம்மா எனக்கும் வெளங்கல. வட்டி பத்தலேன்னு சண்டை போட்டவனைப் பாத்திருக்கேன். பணமே வேணாம்னு இழுத்தடிக்கிறவனை இந்த வயசுலதான் பாக்குறேன்."

வெளியே வந்ததும் கணேஷ்குமார் தீர்ப்பு சொன்னான்.

"இவர் திருடன் இல்ல மேடம். திருடனா இருந்தா கடைக்கு ஒரு தடவை வெள்ளையாவது அடிச்சிருப்பார்."

"சரி. அப்படின்னா மிச்சம் ஒரே ஒரு கேள்விதான். ஒரு சீல் வாங்க அவனுக்கு என்ன கேடு? அதை அவன்கிட்டயே கேப்போம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவுல தரிசனம் கொடுப்பானாம்."

ஸ்கெலட்டனில் தங்கம்மாவின் வீடு வரிசையில் கடைசி. முன்னறையில் முனிரத்தினத்தின் படம் சின்னதாக ஒரு மூலையில் இருந்தது. அதைப்போல் நாலு மடங்கு பெரிய படத்தில், ஏர்போர்ட்டில் பெட்டி வைத்த தள்ளுவண்டியோடு விநாயக் நின்றான். செத்தவருக்குப் பிளாஸ்டிக் மாலை, உயிரோடு இருப்பவனுக்கு சீரியல் பல்பு.

"எம்புள்ள டொராண்டோவுல கீறான்மா," என்றாள் தங்கம்மா. யாரும் கேட்கவில்லை. "பங்காருபேட்டையில ஒரு பெரிய எடம். பொண்ணு டீச்சரு. கனடா மாப்பிள்ளைன்னதும் அவங்களே தேடிகினு வந்தாங்க. புள்ள வந்து எறங்கினா நிச்சயம்தான்."

"உங்க பொண்ணுக்கு?" என்றாள் ராஜம்.

"அவளுக்கு இன்னா, வேலைக்குப் போறா."

காபி கொண்டுவந்து வைத்த ஷோபா இதைக் கேட்டும் கேட்காததுபோல் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகூட அவள் முகத்தில் ரயில் தூக்கம் மிச்சம் இருந்தது. ஸ்டூல் மேல் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி.

தங்கம்மா பேசிக்கொண்டே டிபன் கேரியரை அடுக்கினாள். அடியில் சோறு, மேலே கறிக்குழம்பு, அதற்கு மேலே முட்டைப் பொரியல்.

"யாருக்கு ஆயா சாப்பாடு?" என்று ஆசையோடு கேட்டான் கணேஷ்குமார்.

"மேட்டுல லாய்ட் தொரை பங்களா கீது. அவரு ஆஸ்திரேலியா போயி எத்தினியோ வருசமாச்சு. சாவி என்கிட்டதான். பங்களா நாய்க்கு தெனம் சோறு எடுத்துகினு போறேன்."

"நாய்க்கு முட்டைப் பொரியலா? மேடம், எனக்கு அந்த வேலை காலியாகுமான்னு கேளுங்க. ஆமா, இந்த ஊர்ல யாராவது இந்தியாவுல இருக்காங்களா?"

சரியாக ஆறு மணிக்கு ஷோபாவின் போன் அடித்தது. அவள் அதைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள். திரையில் விநாயக் வந்தான். கழுத்து வரை மூடிய ஹூடி, கம்பளிக் குல்லா. அவனுக்குப் பின்னால் செங்கல் வைத்துக் கட்டிய பெரிய கணப்படுப்பு. தங்கம்மா அதை விரலால் தொட்டு ராஜத்துக்குக் காட்டினாள்.

"பாரும்மா, வூட்டுக்குள்ளயே நெருப்பு மூட்டிக் குளிர் காயுறதுக்கு. ஃபாரின் வூடுன்னா ஃபாரின் வூடுதான். கண்ணு, அங்க ஸ்னோவாடா?"

"பயங்கர ஸ்னோ மம்மி. காலைல எந்திரிக்கவே முடியல," என்றான் விநாயக், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. எதிரே இருந்த காபி டம்ளரில் ஒரு வாய் குடித்தான்.

"ஜாக்கிரதையா இரு கண்ணு. காதுல பஞ்சு வெச்சிக்கோ. அந்தப் பங்காருபேட்டை பொண்ணு வூட்ல உன் போட்டோ இன்னொண்ணு கேக்குறாங்க."

"அனுப்புறேன் மம்மி."

ஷோபா குறுக்கே புகுந்தாள். "விநாயக், இவங்க ராஜம் மேடம். பத்திரம் விஷயமா பேசணுமாம்."

"சொல்லுங்க மேடம்."

"தூதரகத்துக்குப் போனீங்களா?"

"இங்க எல்லாமே அப்பாயிண்ட்மெண்ட் சிஸ்டம் மேடம். உங்க ஊர் மாதிரி நெனச்சப்போ உள்ள நுழைய முடியாது. ரெண்டு மாசம் ஆவும்."

"புதன்கிழமைக்குள்ள பணம் கட்டலேன்னா வூடு போயிடும்டா," என்றாள் ஷோபா. "அப்பா வாழ்ந்த வூடு. எத்தனை தடவை சொல்றது?"

"அக்கா, யூ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட். சிஸ்டம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

அப்போதுதான் தரைக்கடியில் எங்கோ 'டொம்' என்றது. வீடு ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. ஓடுகள் கடகடத்தன. சீரியல் பல்பு ஊஞ்சலாடியது. ஷோபா பேச்சை நிறுத்தவில்லை. தம்பியைத் திட்டிக்கொண்டே டம்ளரை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தாள். விநாயக்கும் நிறுத்தவில்லை, டம்ளரைப் பிடித்தபடி சிஸ்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். இரண்டு நொடியில் எல்லாம் அடங்கிவிட்டது.

கணேஷ்குமாரைத்தான் காணவில்லை.

"மேடம்! வெளிய ஓடுங்க! பூகம்பம்!" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

தங்கம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். "எந்திரி தம்பி. பர்ஸ்டு. கீழ பாறை வெடிக்குது. மைன்ஸ மூடினாலும் அது நிக்கல. அதுக்கெல்லாம் யாரு எந்திரிப்பாங்க? காபி கொட்டாம புடிச்சிக்கினா சரி."

திரையில் விநாயக்கும் சிரித்தான். "யாரு அது? பயந்தாங்கொள்ளி! ஓகே மம்மி, வெளிய கெளம்பணும். பை."

தங்கம்மா கேரியரைத் தூக்கிக்கொண்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, நாய்க்குச் சோறு வைக்கக் கிளம்பிவிட்டாள்.

கணேஷ்குமார் சட்டையில் ஒட்டடையோடு வாசலில் நின்றான். மானம் போன துக்கம் முகத்தில் அப்பியிருந்தது.

"சிரிங்க மேடம். நல்லா சிரிங்க. பூமி ஆடினா பயப்படறதுதான் மனுஷ ஜாதி. இந்த ஊர்ல டம்ளரைப் பிடிக்கறாங்க."

ராஜம் சிரிக்கவில்லை. தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வட்டமாக ஒரு காபிக் கறை இருந்தது.

"நானும் பிடிச்சேன் கணேஷ். எனக்கே தெரியாம பிடிச்சிருக்கேன். பொறந்ததுலேர்ந்து பழக்கம். நீ கட்டிலுக்கடியில கத்தலேன்னா பூமி ஆடினதே எனக்கு உறைச்சிருக்காது. இந்தக் கேஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்தே நீ முடிச்சிட்ட."

"கிண்டலா?"

"இல்லடா. யார் யார் டம்ளரைப் பிடிச்சாங்க? சொல்லு."

"கட்டிலுக்கடியிலேர்ந்து பாத்தேனே. நீங்க, ஷோபா, அந்த அம்மா..." என்று எண்ணிக்கொண்டே வந்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். "மேடம், அந்தக் கனடாக்காரன்!"

"ஆமா. ஸ்கெலட்டன்ல பாறை வெடிச்சா டொராண்டோவுல காபி ஆடுமா? அதே நொடியில அவன் கை டம்ளருக்குப் போச்சு. அவன் உக்காந்திருந்த எடமும் ஆடுச்சு. இந்த பர்ஸ்ட் பங்காருபேட்டை வரைக்கும்கூடப் போகாது. அவன் இங்கதான், கூப்பிடு தூரத்துல இருக்கான்."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷோபாவின் முகம் வெளுத்தது. "இன்னா மேடம் சொல்றீங்க? பொழச்சிக் கெடக்கான்னுதானே அம்மா நிம்மதியா இருக்காங்க. இது தெரிஞ்சா அம்மா உசுரு போயிடும்."

ராஜம் அவள் தோளில் கை வைத்தாள். சொல்லப் பிடிக்கவில்லை. சொல்லாமலும் முடியாது.

"ஷோபா, கடல் தாண்டிப் போன புள்ளைகிட்ட ஒரு தாய் மொதல்ல என்ன கேப்பா? ஸ்னோவா கேப்பா? 'சாப்ட்டியா'ன்னு கேப்பா. போனை வைக்கறதுக்குள்ள நாலு தடவை கேப்பா. உங்கம்மா பஞ்சு வெச்சிக்கச் சொன்னாங்க, போட்டோ அனுப்பச் சொன்னாங்க. சாப்ட்டியான்னு ஒரு தடவைகூடக் கேக்கல. அவன் என்ன சாப்பிடப் போறான்னு அவங்களுக்குத் தெரியும். அதை அடுக்கினதே அவங்கதானே?"

ஷோபாவின் கண் மேட்டுப் பக்கம் திரும்பியது. மரங்களுக்கு நடுவே லாய்டின் பங்களா தெரிந்தது. வெள்ளைக்கார மேனேஜர்களுக்குக் கட்டியது. கோலார் குளிருக்கே நடுங்கியவர்கள். அறைக்கு அறை செங்கல்லில் கணப்படுப்பு வைத்துக் கட்டிக்கொண்டவர்கள்.

"வா," என்றாள் ராஜம். "அந்த நாயைப் பாத்துட்டு வரலாம்."

பங்களாவில் நாய் இல்லை. நாய் இருந்த அடையாளமும் இல்லை. பின்கதவு சாத்தாமல் கிடந்தது. ஹாலில், கணப்படுப்புக்கு எதிரே, லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்து, கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான் விநாயக். ஹூடி ஆணியில் தொங்கியது. தங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஸ்னோ நின்னுடுச்சா சார்?" என்றான் கணேஷ்குமார்.

விநாயக்குக்குப் புரை ஏறியது. தங்கம்மா மகன் தலையைத் தட்டிக்கொண்டே மகளை முறைத்தாள், ஏதோ அவள்தான் திருடியதுபோல.

ஷோபா தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வரும் என்று ராஜம் நினைத்தாள். கோபம் வரவில்லை, அவமானம்தான் வந்தது. கூட்டிக் கழித்தால் இந்த வீட்டில் ஏமாந்தது அவள் ஒருத்திதான். அது தெரிந்து அவள் உடம்பு கூசியது.

"எப்ப வந்தே?"

"போன வருசம்," என்றான் அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு. இங்கிலீஷ் எங்கோ போய்விட்டது. "அங்க ஆவலக்கா. குடோன்ல பொட்டி தூக்குற வேலை. நைட் ஷிப்டு. குளுரு. ஊர்ல வந்து சொன்னா சிரிப்பாங்கோ. அத்தொட்டுதான் இங்கயே..."

"அப்பா எத்தினி வருசம் நைட் ஷிப்டு பாத்தாரு? கேஜ் லிப்டுல எறங்கிப் பாதாளத்துல வேலை பாத்தாரு. உனக்குப் பொட்டி தூக்க ஆவலையா?"

"ஏண்டி புள்ளைய சாப்புடும்போது கொடையிறே?" என்றாள் தங்கம்மா.

ராஜத்துக்கு இப்போது எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கனடாவில் இல்லாதவனுக்குக் கனடாவிலிருந்து சீல் எப்படி வரும்? நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் ஊர் பார்த்துவிடும். வெளிநாட்டிலும் இல்லாமல் உள்நாட்டிலும் இல்லாமல் கணப்படுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இந்தப் பவிசுக்காக ஒரு வீடே கை மாறட்டும் என்று தாயும் பிள்ளையும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"ஒரு மாசம் டைம் குடுக்கா," என்றான் விநாயக். "பெங்களூரு போயி, ஃபாரின் சாக்லேட்டு கொஞ்சம் வாங்கிகினு, ஏர்போர்ட்டுலேர்ந்து டாக்ஸியில வந்து எறங்குறேன். அப்பறம் கையெழுத்து போடுறேன்."

"புதன்கிழமை கடைசி நாளுடா!"

"வூடு போனா இன்னொரு வூடு," என்றாள் தங்கம்மா. "மானம் போனா வருமா? பங்காருபேட்டை சம்பந்தம் நிக்குமா? உனக்கு இன்னாடி அவ்ளோ துடிப்பு? எப்படியும் அவன் பேர்லதானே வூட்டை எழுதப்போறோம். அவனுக்கில்லாத அக்கறை உனக்கு இன்னாத்துக்கு?"

கணேஷ்குமாருக்குக்கூட ஜோக் வரவில்லை.

"அவன் பேர்லயா?" என்றாள் ஷோபா. "பாதிப் பணம் நான் கட்டுறேனே."

"கட்டு. அக்கா தம்பிக்குச் செய்ய மாட்டாளா?"

இவர்கள் இரண்டு பேரையும் கணப்படுப்பில் வைத்துக் கொளுத்தினால் தேவலை என்று ராஜத்துக்குத் தோன்றியது. ஷோபா அழுதுவிடுவாள், அல்லது கேரியரை எடுத்துச் சுவரில் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

ஷோபா இரண்டும் செய்யவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு மிகவும் சாதாரணமாகச் சொன்னாள்:

"சரி. ஊருக்குத் தெரிய வேணாம். இன்னிக்கி நைட்டு பிளைட்டுல வந்தேன்னு சொல்லிக்கோ. காலைல கோட்டு போட்டுகினு போஸ்ட் ஆபீசுக்கு வா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நெசமாவா அக்கா?"

"நெசம்தான்."

திரும்பி நடக்கும்போது கணேஷ்குமார் முணுமுணுத்தான். "என்ன மேடம் இது? இவ்வளவு நல்லவங்களா இருந்தா நமக்கு ஃபீஸ் கொடுக்கவே கூடாது. அந்தப் பணத்துக்கு டாக்டரைப் பாக்கணும்."

ராஜமும் ஏமாந்துதான் போயிருந்தாள். கொஞ்சம் வெறுப்புகூட வந்தது. இத்தனை சூடு பட்டும் சுரணை வராத பெண்ணுக்காகவா அலைந்தோம் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை. போஸ்ட் ஆபீசில் பென்ஷன்காரர்களின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஆறு மாதமாகத் திருட்டுப் பட்டம் சுமந்த பாண்டுரங்கன், கவுண்டருக்குப் பக்கத்தில் பத்திரத்தை விசிறிக்கொண்டு நின்றார். ராஜத்திடமிருந்து விஷயம் அவருக்குப் போயிருந்தது. வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். அதைக் காப்பாற்றும் அவஸ்தை முகத்தில் தெரிந்தது.

விநாயக் வந்தான். கோட்டு, கறுப்புக் கண்ணாடி. கையில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றையும் உருட்டிக்கொண்டு வந்தான். போஸ்ட் ஆபீசுக்கு எதற்குப் பெட்டி என்று யாரும் கேட்கவில்லை. தங்கம்மா பட்டுச் சேலையில் பின்னால் வந்தாள்.

"பெட்டி காலி மேடம்," என்றான் கணேஷ்குமார். "சக்கரம் துள்ளற துள்ளலைப் பாருங்க."

வரிசை விலகி வழிவிட்டது. கவுண்டரில் இருந்த பியூலா, ஷோபாவோடு படித்தவள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"அட, விநாயக்கா! எப்படா வந்தே?"

"லாஸ்ட் நைட். ஃப்ளைட் லேட்டு. இன்னும் தூக்கம் கலையல, யூ நோ."

"இந்த ஒரு கையெழுத்துக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தே?"

"ஃபேமிலிதானே முக்கியம்?"

வரிசையில் முன்னால் நின்ற ஜெயம்மா கிழவி நெட்டி முறித்தாள். "தம்பின்னா இப்டி இருக்கணும். ஷோபா, நீ குடுத்து வெச்சவடி. ஏழு கடல் தாண்டி அக்காவுக்கு வூடு வாங்கிக் குடுக்க வந்துகிறான் பாரு!"

ராஜம் பல்லைக் கடித்தாள். உழைத்தது ஒருத்தி, பெயர் ஒருவனுக்கு. தங்கம்மாவுக்குப் பூரிப்பில் சேலை விறைத்தது. பியூலா கையெழுத்து மாதிரியைச் சரிபார்த்து, "ஆயித்து, இல்லி சைன் மாடப்பா," என்று கன்னடத்தில் இடம் காட்டினாள். விநாயக் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டான்.

அதுவரை காத்திருந்ததுபோல் ஷோபா பேசினாள். நல்ல கணீர்க் குரலில், வாசல் வரைக்கும் கேட்கும்படி.

"ஆமா ஜெயம்மா அத்தே. நீங்க சொல்றது மெய்தான். சொன்னா நம்பமாட்டீங்க. வூட்டை இவன் பேர்ல எழுதலாம்னு அம்மாவுக்கு ஆசை. இவன்தான் ஒத்துக்கவே இல்ல. 'எனக்கு கனடாவுல வூடு கீது, இது அக்கா பேர்லதான் இருக்கணும்'னு ஒத்தக் கால்ல நின்னான். அதுக்காகவே பிளைட் புடிச்சி வந்துகிறான்."

பேனாவைத் திருப்பிக் கொடுக்கப்போன விநாயக்கின் கை நின்றது. தங்கம்மாவின் வாய் பாதி திறந்தது.

"மெய்யாலுமா விநாயக்?" பியூலா நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள். "இந்தக் காலத்துல எவன்டா இப்டி செய்வான்?"

வரிசை முழுவதும் கசகசத்தது. ஒருவர் கை தட்டினார். ஜெயம்மா அவன் கன்னத்தை வழித்தாள். "தங்கம், தங்கம்! பங்காருபேட்டைக்காரங்க குடுத்து வெச்சவங்க!"

பாண்டுரங்கனுக்கு ஆறு மாத வயிற்றெரிச்சல் ஒரே நொடியில் தணிந்தது. "அப்டியா தம்பி? பணம் கணக்குல ஏறினதும் நேரா கம்பெனி ஆபீசுக்குப் போயிடலாம். மனுவை ஷோபா பேர்லயே நான் எழுதித் தரேன். உன் சம்மதம் ஒண்ணு, உங்கம்மா சம்மதம் ஒண்ணு. நீ வேற திரும்பி பிளைட் ஏறணுமே, லேட் பண்ணக் கூடாது பாரு."

விநாயக் அம்மாவைப் பார்த்தான். அம்மா வரிசையைப் பார்த்தாள். ஷோபா அவன் கோட்டுக் காலரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். அவள் சொன்னது பக்கத்தில் நின்ற ராஜத்துக்கு மட்டும் கேட்டது.

"இல்லேன்னு சொல்லேன்டா. அப்டியே போன வருசம் பூரா எங்க குந்திகினு இருந்தேன்னும் சொல்லு."

ராஜம் முந்திய நாள் தனக்குள் நினைத்ததை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டாள். துப்பு கண்டுபிடித்தது ராஜம். அதை எங்கே, எப்போது, யார் முன்னால் செலவு செய்யவேண்டும் என்று தெரிந்தவள் ஷோபா.

"மேடம்," என்றான் கணேஷ்குமார் மெல்ல, "இந்தம்மாவை நம்ம ஏஜென்சியில சேத்துக்கலாமா? நான் வேணும்னா கட்டிலுக்கடியிலயே இருந்துக்கறேன்."

"இன்னா தம்பி யோசனை?" என்றார் பாண்டுரங்கன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

"யா... ஆமா," என்றான் விநாயக். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அக்கா பேர்லதான்."

பியூலா போனை எடுத்து நீட்டினாள். "ரெண்டு பேரும் கிட்ட நில்லுங்கோ. ஒரு போட்டோ. விநாயக், கண்ணாடியக் கழட்டு, கொஞ்சம் சிரி."

அவன் சிரித்தான். வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை.